அறிக்கை யார் கைக்குப் போகிறது?

2025 செப்டம்பர் 27 இரவு, கரூரில் கூட்ட நெரிசலில் சிக்கியவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து முடிப்பதற்குள் ஒருநபர் ஆணையம் அறிவிக்கப்பட்டுவிட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை 41 என்று உறுதியாவதற்கு முன்பே ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசனின் பெயர் செய்தியில் ஓடியது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் மேற்பார்வைக் குழுவை அமைத்து, ஆணையத்தின் பணியை நிறுத்திவைத்தது. அப்போது ஆணையத்துக்காக வாதாடியவர்கள் இரண்டு காரணங்கள் சொன்னார்கள். சிபிஐ மத்திய அரசின் சொல்கேட்கும் அமைப்பு என்பது ஒன்று. தண்டனை தராவிட்டாலும் விசாரணைக் கமிஷன் உண்மையையாவது ஊரறியச் சொல்லும் என்பது இன்னொன்று. முதலாவதோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாவதை என்னால் விழுங்க முடியவில்லை.

கமிஷன்களால் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். முந்த்ரா ஊழல் விவகாரத்தில் 1958இல் எம்.சி. சாக்ளா பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் சாட்சிகளை விசாரித்து, சில வாரங்களில் வேலையை முடித்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். (சாக்ளா அப்போது பதவியிலிருந்த தலைமை நீதிபதி, ஓய்வுக்குப் பிறகு ஒரு நாற்காலி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தவரல்ல.) பம்பாய்க் கலவரங்களைப் பற்றி நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா எழுதியதைத் தாண்டி இன்றுவரை யாரும் பெரிதாக எழுதிவிடவில்லை. தாமதத்தைப் பற்றியும் அதிகம் பேசப்போவதில்லை. மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்லப்பட்ட லிபரான் கமிஷன் 17 ஆண்டுகள் இழுத்தது எல்லோரும் அறிந்த கதை.

என் பழைய ஆட்சேபம் வேறு. கமிஷனின் அறிக்கை போய்ச் சேரும் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. 1952ஆம் ஆண்டு விசாரணைக் கமிஷன் சட்டப்படி கமிஷனை நியமிப்பது அரசு. எதை விசாரிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வரம்பு எழுதுவதும் அரசு. அறிக்கையை வாங்கிக்கொள்வதும் அதே அரசுதான். ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்க வேண்டும் என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. அந்தக் குறிப்பில் ‘ஏற்கவில்லை’ என்று எழுதவும் தடையில்லை. கமிஷன் சொல்வது ஆலோசனை மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1958இலேயே டால்மியா வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. நான் மேலே புகழ்ந்த ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையை 1998இல் மகாராஷ்டிர அரசு அவையில் வைத்த கையோடு நிராகரித்தது. அந்தக் கலவரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று அறிக்கை யாரைச் சொன்னதோ, அவர்களே அப்போது ஆட்சியில் இருந்தார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் பேரணி மீது போலீஸ் பாய்ந்ததில் 17 பேர் இறந்தார்கள். மோகன் கமிஷன், பெரும்பாலானோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொல்லிப் போலீஸ் பக்கம் நின்றது. 2011 செப்டம்பரில் பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு. சம்பத் கமிஷனும் காவல்துறையைக் குறை சொல்லவில்லை. இரண்டிலும் சம்பவம் நடந்தபோது இருந்த ஆட்சியின் கையிலேயே அறிக்கை கொடுக்கப்பட்டது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு விஷயத்தில் மட்டும் நியமித்தது ஓர் ஆட்சி, பெற்றுக்கொண்டது எதிர்க்கட்சியாக இருந்து வந்த இன்னோர் ஆட்சி. அந்த ஒரு அறிக்கைதான் காவல்துறையைக் கடுமையாகச் சாடியது. மூன்று உதாரணங்களை வைத்து விதி எழுதக்கூடாது என்பார்கள். சரி, எழுதவில்லை. ஆனால் இதைத் தற்செயல் என்று நம்பவும் நான் தயாரில்லை.

அந்த அறிக்கை சொன்னது சாதாரண விஷயமல்ல. கலெக்டர் அலுவலக வளாகத்துப் பூங்காவில் மறைந்துகொண்டு, சிதறி ஓடுகிறவர்கள்மேல் போலீஸ் சுட்டது என்று அது சொன்னது. ஊர் கொந்தளித்துக் கிடந்தபோது மாவட்ட ஆட்சியர் கோவில்பட்டியில் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. உயர் போலீஸ் அதிகாரிகள் உட்பட 17 காவல்துறையினர்மீதும் ஆட்சியர்மீதும் மூன்று துணை வட்டாட்சியர்கள்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. 2022 மே மாதம் அது முதலமைச்சர் கையில் கொடுக்கப்பட்டது. ஆகஸ்டில் ‘ஃப்ரண்ட்லைன்’ பத்திரிகை அதை அம்பலப்படுத்தியது. பேரவைக்கு வந்ததோ அக்டோபர் 18இல். ஊரறியச் சொல்லும் என்கிறார்களே, ஊருக்கு முதலில் சொன்னது பத்திரிகைதான். அவையில் வைத்த பிறகு கீழ்நிலைக் காவலர் சிலர் பணியிடைநீக்கம் ஆனார்கள். மற்றவர்களுக்குத் ‘துறைரீதியான நடவடிக்கை’. மறைந்திருந்து சுட்டதற்குத் துறைரீதியான நடவடிக்கை! நான்கு ஆண்டுகள் சாட்சி சொல்ல வந்துபோனவர்கள் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கவா வந்தார்கள்?

அவர்கள் சொன்ன சாட்சியத்தின் கதியையும் பார்க்க வேண்டும். கமிஷன் முன் ஒருவர் சொன்னதை, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர, அவருக்கு எதிராக வேறு எந்த வழக்கிலும் பயன்படுத்தக்கூடாது என்கிறது ஆறாம் பிரிவு. பயமில்லாமல் பேசட்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் 1988இல் கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கொடுத்த விளக்கத்தின்படி, கமிஷனில் ஒன்று சொல்லிவிட்டுக் கோர்ட்டில் வேறொன்று சொல்பவரை மடக்கக்கூட அந்த வாக்குமூலத்தை எடுத்துக் காட்ட முடியாது. அதிகாரி கமிஷனில் ஒப்புக்கொண்டதைக் கோர்ட்டில் கூசாமல் மறுக்கலாம். பெட்டி பெட்டியாகச் சேர்ந்த வாக்குமூலங்கள் அத்தனையும் அரசு அலமாரியில் தூங்க வேண்டியதுதான்.

அப்படியானால் கமிஷன் யாருக்குப் பயன்படுகிறது? ஆறுமுகசாமி ஆணையம் அதைக் காட்டிக்கொடுத்தது. ஜெயலலிதாவின் மரணத்துக்கு விசாரணை வேண்டும் என்பது ஓ. பன்னீர்செல்வத்தின் தர்மயுத்தக் கோரிக்கை. அதிமுகவின் அணிகள் இணைய அதுவும் ஒரு நிபந்தனை. 2017 செப்டம்பரில் மூன்று மாத அவகாசத்தோடு தொடங்கிய ஆணையம் 2022 ஆகஸ்டில்தான் முடித்தது. இடையில் அப்போலோ மருத்துவமனையின் வழக்கால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. விசாரணை கேட்டவரோ பலமுறை அழைக்கப்பட்டும் 2022 மார்ச்சில்தான் வந்து சாட்சி சொன்னார். கோரிக்கைக்கு உரிய வேலை 2017இல் அணிகள் இணைந்தபோதே முடிந்துவிட்டது. கரூரில் அன்றிரவு அறிவிக்கப்பட்ட ஆணையத்தையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஜனங்களின் கோபம் சூடாக இருக்கும்போது அரசு ஏதோ செய்துவிட்டது என்று காட்ட வேண்டும்; ஒரு நீதிபதியின் பெயரை அறிவிப்பதைவிடச் சுலபமான வழி இல்லை.

கோர்ட் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பார்கள். வாச்சாத்தி வழக்கும் 19 ஆண்டுகள் இழுத்ததே என்பார்கள். இழுத்ததுதான். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்து சூறையாடி, 18 பெண்களை வன்கொடுமை செய்தன. அங்கேயும் நேரில் போய் உண்மையை எழுதிய ஒருவர் இருந்தார்: தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி. அவரை அனுப்பியது மாநில அரசு அல்ல; அவர் எழுதியது அமைச்சர் மேசையோடு நிற்காமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1995இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு வந்தது. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023இல் அதை உறுதிசெய்தார். அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் தரவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டார்.

ஒருநபர் ஆணையம் வேண்டும் என்பவர்கள் சட்டத்தில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லிப் போராடட்டும்: அறிக்கையின் முதல் பிரதி முதலமைச்சருக்கு அல்ல, உயர் நீதிமன்றத்துக்கு, எழுதி முடித்த அன்றே. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதற்கு ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.