ஒரு ஷில்லிங் குறைவு

தாமஸ் ஹார்டியின் ‘மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ பி.ஏ. வகுப்பில் எனக்குப் பாடமாக இருந்தது. பாடம் எடுத்தவர் நாவலை ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்தார்: ஹென்சர்ட் பாதி தன் குணத்தாலும் பாதி விதியாலும் அழிந்தவன். பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. குணம், விதி, தற்செயல் என்று மூன்று தலைப்புகளில் எழுதி நானும் மார்க் வாங்கினேன். நாவல் முழுக்க அடுக்கி வைக்கப்பட்டிருந்த கோதுமை மூட்டைகள் என் கண்ணில் படவேயில்லை. அவை பின்னணி என்று சொல்லப்பட்டிருந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் வங்கியில் நகைக்கடன் பகுதியில் உட்கார்ந்த பிறகு அண்மையில் நாவலை மறுபடி படித்தேன். இப்போது மூட்டைகள்தான் தெரிகின்றன. இது என் தொழில் என் ரசனையைக் கெடுத்ததன் விளைவாகவும் இருக்கலாம். அப்படி இல்லை என்று எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன்.

விவசாயமும் சந்தையும் வருகிற நாவலை ‘மண் வாசனை’ என்று பாராட்டி ஒதுக்கிவிடுவது நம்மிடையே உள்ள சௌகரியமான பழக்கம். வாசனை என்றால் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடலாம். என்ன விலை, யாருக்கு யார் பாக்கி என்று கேட்க வேண்டியதில்லை. ஹார்டிக்கு இங்கிலாந்திலும் நேர்ந்தது இதுவே. வெஸ்ஸெக்ஸ் என்பது சுற்றுலாப் பயணிகளுக்கான தேசப்படமாயிற்று.

ஹார்டி 1840இல் டார்செட் மாவட்டத்தின் ஹையர் பாக்ஹாம்ப்டனில் பிறந்தவர். தகப்பனார் கட்டடக் கொத்தனார். டார்செஸ்டர்தான் நாவலின் காஸ்டர்பிரிட்ஜ். 1883இல் அங்கே குடியேறி, 1820களின் உள்ளூர்ப் பத்திரிகைத் தொகுப்புகளைப் புரட்டிக் குறிப்பெடுத்தார். மனைவியை விற்ற செய்திகள் அவற்றில் இருந்தன. நாவல் 1886இல் ‘கிராபிக்’ வாரப் பத்திரிகையில் தொடராகவும் பிறகு புத்தகமாகவும் வந்தது. டார்செஸ்டருக்கு ரயில் வந்தது 1847இல். நாவலில் ரயில் இன்னும் சில மைல் தொலைவில் நிற்கிறது. அதாவது இது குதிரைகளின் கடைசி வருஷங்களைப் பற்றிய கதை. சுற்றுக் கிராமங்களிலிருந்து பாரவண்டிகள் வந்து நிற்கின்றன. விற்பனைக் குதிரைகள் வீதியோரம் வரிசையாகக் கட்டப்படுகின்றன. வியாபாரிகள் கன்னம், புருவம், கைத்தடி எல்லாவற்றாலும் பேரம் பேசுகிறார்கள். விலை உடம்பில் தெரிகிற சந்தை அது.

அந்த விலையை நிர்ணயித்தது எது? 1815இன் தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டருக்கு 80 ஷில்லிங்கைத் தொடும்வரை அயல்நாட்டுக் கோதுமையை விற்பனைக்கு அனுமதிக்கவில்லை. 1828இல் இது விலைக்கேற்ப ஏறி இறங்கும் வரியாக மாற்றப்பட்டது, 1846இல் ரத்தாயிற்று. ஆகவே ஹென்சர்டின் காலத்தில் ரொட்டி விலை உள்ளூர் விளைச்சலிலும், விளைச்சல் உள்ளூர் வானத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. ஹார்டி தம் முன்னுரையில் கதையை உருவாக்கிய மெய்ச் சம்பவங்கள் மூன்று என்கிறார். மனைவி விற்பனை ஒன்று, அரச குடும்பத்தவரின் வருகை ஒன்று. மற்றது, தானியச் சட்ட ரத்துக்கு முந்தைய நிச்சயமற்ற அறுவடைகள். இந்த மூன்றாவதை நம் பாடப் புத்தகங்கள் தாண்டிப் போய்விட்டன.

அதைத் தாண்டினால் விதி என்ற சொல் ஆகாயத்திலிருந்து விழுகிறது. ஹென்சர்ட் மழை ஜோசியம் சொல்பவனிடம் இரவில் ஒளிந்து போகிறான். ஆகஸ்ட் கடைசியில் புயலும் மழையும் என்று கேட்டு வந்து தானியத்தை வாங்கிக் குவிக்கிறான். வெயில் அடிக்கிறது, தாரணி சரிகிறது, நஷ்டத்துக்கு விற்கிறான். விற்று முடித்து அறுவடை தொடங்கியதும் மழை வருகிறது. ஜோசியம் சரிதான், தேதிதான் பிசகிவிட்டது. அந்தச் சரிவில் வாங்கியவன் ஃபார்ஃப்ரே. இதை விதி என்று எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். இது சட்டம் காப்பாற்றிய ஒரு சூதாட்டம். ஹென்சர்டின் குணம் அதில் ஆட்டக்காரனின் குணம். ஊரே அந்த ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது, முழுப் பழியும் ஒருவன் குணத்தின் மேல் விழ நியாயமில்லை.

ஃபார்ஃப்ரே ஸ்காட்லாந்துக்காரன், அமெரிக்கா போகும் வழியில் ஊரில் தங்குகிறான். ஹென்சர்ட் விற்ற முளைவிட்ட கோதுமையால் ஊரின் ரொட்டி கெட்டுப்போயிருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்ற முறையை ஃபார்ஃப்ரே காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறான். பிறகு மேனேஜராகிறான். ஹென்சர்ட் மூட்டைகளைச் சுண்ணக்கட்டிக் கோடுகளால் எண்ணியவன், வைக்கோல் போரைக் கையை விரித்து அளந்தவன், புல்லை வாயில் போட்டு மென்று தரம் சொன்னவன். ஃபார்ஃப்ரே தராசும் பேரேடும் கொண்டுவருகிறான். பின்னால் குதிரை இழுக்கும் விதைப்பு யந்திரம் சந்தைக்கு வரும்போது அதனுள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்கிறது. பாடுவது ஃபார்ஃப்ரே. விதைப்பெட்டியோடு நடந்து கைவீசி விதைக்கிறவனின் அழகு இனி இல்லை என்று எலிசபெத்-ஜேன் வருந்துகிறாள். வருத்தம் அவளுடையது, ஹார்டியுடையதல்ல. அவர் யந்திரத்துக்கும் ஒரு பாட்டைக் கொடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் விமர்சகர்கள் இரண்டு கட்சி. டக்ளஸ் ப்ரௌன் 1954இல் எழுதிய நூலில், பழைய விவசாயச் சமூகத்தின் மீது வெளியுலகம் படையெடுக்கிற கதையாக ஹார்டியைப் படித்தார். ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் ‘கன்ட்ரி அண்ட் தி சிட்டி’யில் இந்தக் கோணத்தை மறுத்தார்: மாற்றம் வெளியிலிருந்து வரவில்லை, அந்தக் கிராமப்புறம் ஏற்கெனவே முதலுக்கும் கூலிக்கும் உட்பட்டிருந்தது. நான் வில்லியம்ஸ் பக்கம். வந்தவன் மேலே வருவதற்கு முன்பே ஹென்சர்ட் பெரும் புள்ளிதான். வங்கியில் அடமானம் வைத்திருக்கிற பெரும் புள்ளி. அவன் பெயரில் இருந்த சொத்திலும் தானியத்திலும் பெரும்பகுதி வங்கிக்குச் சொந்தமானது என்பதை ஹார்டி சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார். என்னைப் போன்றவன் அந்த இடத்தில் நின்றுவிடுகிறான்.

ஆனால் வில்லியம்ஸோடு போனாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஃபார்ஃப்ரேயின் பேரேட்டில் ஏறாத பாக்கிகள் இந்த நாவலில் உண்டு. முதல் அத்தியாயத்தில், ரம் கலந்த கோதுமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஹென்சர்ட் மனைவியை ஏலம் விடும்போது கூடாரத்தில் இருப்பவர்கள் வேடிக்கை என்றே நினைக்கிறார்கள். மாலுமி ஐந்து பவுனுக்கு பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுகளை மேஜையில் போட்டு, மேலே ஐந்து ஷில்லிங் வைக்கிறான். ரொக்கத்தைக் கண்டதும் வேடிக்கை நின்றுவிடுகிறது. ஒரு பெண்ணின் அழுகை நிறுத்தாததைப் பணம் நிறுத்துகிறது. சுமார் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் திரும்பி வரும்போது, ஹென்சர்ட் கடிதத்தோடு ஐந்து பவுன் நோட்டு ஒன்றையும், கொஞ்சம் யோசித்துவிட்டு, ஐந்து ஷில்லிங்கையும் உறையில் போடுகிறான். வாங்கிய விலைக்கே மீட்பு. இதைவிடத் துல்லியமான கணக்கும் இல்லை, இதைவிடத் தப்பான கணக்கும் இல்லை. வட்டி எவ்வளவு என்பதுதான் மீதி நாவல்.

அவன் மஞ்சள் கடுதாசி கொடுக்கிற காட்சியும் அப்படியே. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் கடைசியில் தங்கக் கடிகாரத்தையும் எடுத்து வைக்கிறான். கடன் கொடுத்தவர்கள் இவ்வளவு நாணயமான கடனாளியைப் பார்த்ததில்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் நேரே போய்க் கடிகாரத்தை விற்று, சிறிய அளவில் கடன் கொடுத்தவர்களில் ஒருவனான ஓர் ஏழைக் குடிசைவாசிக்குப் பணத்தைக் கொடுக்கிறான். நகை ஏலத்துக்குப் போவதற்கு முதல் நாள் எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். மீட்கப் பணமில்லை. தொகையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். “சரியாத்தான் இருக்குங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முழுக்க என்னால் வேலை பார்க்க முடியவில்லை. எனக்கு அந்தக் கடிகாரம் புரிந்தது அதற்குப் பிறகுதான்.

இதுவரை நான் ஹார்டியின் கட்சி. இனி அவரோடு எனக்குள்ள வழக்கு.

ஏபல் விட்டில் என்று ஒரு கூலியாள் வருகிறான். வேலைக்குப் பிந்தி வருபவன். ஒரு விடியற்காலையில் ஹென்சர்ட் அவனைப் படுக்கையிலிருந்து இழுத்து, கால்சட்டை போடக்கூட விடாமல் வேலைக்கு விரட்டுகிறான். ஃபார்ஃப்ரே தடுத்து வீட்டுக்கு அனுப்புகிறான். பிறகு ஹென்சர்டின் வியாபாரம் ஃபார்ஃப்ரே கைக்குப் போகிறது. அப்போது விட்டில் சொல்கிறான்: வியாபாரத்தையும் அதோடு எங்களையும் வாங்கிவிட்டார், வேலை கூடுதல், வாரத்துக்கு ஒரு ஷில்லிங் குறைவு, ஆனால் பயம் இல்லை, ஆகவே நான் முன்னைவிடப் பணக்காரன்.

அந்த ஒரு ஷில்லிங்கை என்ன செய்வது? டார்செஸ்டருக்கு அருகிலேயே டால்படில் கிராமம் இருக்கிறது. அங்கே வாரக் கூலி 7 ஷில்லிங்குக்கு இறங்கி, 6 ஆகப் போகிறது என்ற நிலையில் கூலிக்காரர்கள் சங்கம் சேர்ந்தார்கள். ரகசியப் பிரமாணம் செய்வித்த குற்றத்துக்காக ஆறு பேர் 1834 மார்ச்சில் டார்செஸ்டரில் விசாரிக்கப்பட்டு, ஏழு வருஷத்துக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்கள் எதிர்த்ததும் ஒரு ஷில்லிங் குறைவைத்தான். அந்த வருஷம் நாவல் தாண்டிக் குதிக்கிற பதினெட்டு வருஷங்களுக்குள் விழுகிறது. ஹென்சர்ட் நீதிபதியாக உட்காருகிறான், கஞ்சி விற்ற கிழவி குற்றம் சாட்டப்பட்டவளாக நின்று பழைய கதையை அவிழ்க்கிறாள். ஆனால் அந்த ஊரின் நீதிமன்றம் எதற்குப் பேர்போனதோ அது நாவலில் இல்லை.

நாவலாசிரியன் சரித்திரம் முழுவதையும் எழுதக் கடமைப்பட்டவனா என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. ஆனால் ஷில்லிங்கைக் கொண்டுவந்தது நானல்ல, ஹார்டி. தெரியாமல் எழுதினார் என்றும் சொல்ல முடியாது. 1883இல் ‘லாங்மன்ஸ்’ பத்திரிகையில் டார்செட் கூலியாட்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். ‘ஹாட்ஜ்’ என்று பட்டணத்தார் கேலியாக அழைக்கிற மந்த புத்திக் கிராமத்தான் எங்கும் இல்லை, ஒவ்வொருவனும் தனி மனிதன் என்பது அதன் வாதம். 1872இல் விவசாயக் கூலிகளின் தேசிய சங்கத்தைத் தொடங்கி நடத்திய ஜோசப் ஆர்ச்சைப் பற்றியும் அதில் மதிப்போடு பேசுகிறார். இவ்வளவு அறிந்தவர், வாங்கப்பட்டதையும் கூலி குறைந்ததையும் சந்தோஷமாகச் சொல்கிற வாயாக விட்டிலை வைத்துவிட்டார். ஹாட்ஜ் இல்லை என்று கட்டுரையில் நிரூபித்தவர் நாவலில் அவனுக்கு ஒரு ஓரத்தில் இடம் கொடுத்திருக்கிறார். இது குறைதான். ஹார்டியின் உண்மை, வியாபாரியின் நஷ்டம்வரை ஸ்தூலமாக இருக்கிறது. கூலியின் நஷ்டத்துக்கு வரும்போது சிரிப்பாகிவிடுகிறது.

இத்துடன் நிறுத்தினால் எனக்குச் சௌகரியம். கடைசி அத்தியாயம் விடமாட்டேனென்கிறது.

எல்லாம் இழந்து ஊரைவிட்டுப் போகும் ஹென்சர்டின் பின்னால், விரட்ட விரட்ட, ஒருவன் நடக்கிறான். அவன் விட்டில். காரணம் அவனே சொல்கிறான். அவன் அம்மா ஏழ்மையில் இருந்தபோது ஹென்சர்ட் அவளுக்குக் கரியும் பொடியும் அனுப்பிவந்தவன். அதாவது கால்சட்டை இல்லாமல் இழுத்தவனும், கரி அனுப்பியவனும் ஒருவனே. கூலியைக் குறைத்தவனும் பயத்தைப் போக்கியவனும் இன்னொருவன். இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் பதிந்து கூட்டிக் கழிக்க முடியாது. பழைய முதலாளியின் கருணையைப் புகழ்வது ஹார்டியின் நோக்கம் என்றால் பயத்தை மறைத்திருப்பார். புதிய முதலாளியின் நியாயம் நோக்கம் என்றால் ஷில்லிங்கை மறைத்திருப்பார். இரண்டையும் மறைக்கவில்லை. எனக்குக் குறையாகப் பட்ட இடமும் அவர் நேர்மையின் இடமும் ஒன்றாக இருக்கின்றன. இதற்கு மேல் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

ஹென்சர்ட் ஒரு குடிசையில் இறந்துபோகிறான். பென்சிலால் எழுதிய கசங்கிய காகிதத்தை விட்டில் கொண்டுவந்து கொடுக்கிறான். அது உயில். தன்னை யாரும் நினைக்கவேண்டாம் என்கிற உயில். விட்டிலுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. காகிதத்தை வாங்கி முதலில் படிப்பவன் ஃபார்ஃப்ரே. கணக்கு வாசிக்கத் தெரிந்தவன் அவன்தானே. கூட நடந்தவனுக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. நான் ஃபார்ஃப்ரேயின் தொழிலில் இருப்பவன். அந்த இடத்தில் எனக்கு நாவலைப் படிக்கத் தெரிந்திருந்தது பெருமையாக இல்லை.