அழகப்பரின் கணக்கு

சேலம், நாமக்கல் பக்கம் கல்லூரி தொடங்குகிறவர்களுக்குக் ‘கல்வி வள்ளல்’ பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. கட்டணம் வாங்கிக் கல்லூரி நடத்துவது குற்றமல்ல. அதைக் கொடை என்று அழைப்பதுதான் தவறு. பணம் எந்தப் பக்கம் போனது, கொடுத்தவர் பிடியை விட்டாரா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் இந்தப் பட்டத்தைத் தரக் கூடாது. தமிழ்நாடே வள்ளல் என்று கொண்டாடும் ராம. அழகப்பச் செட்டியாரிடமும் (1909–1957) இவற்றைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தொழில். கோட்டையூரில் பிறந்து, ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்து, லண்டனில் பாரிஸ்டரானவர். விமானம் ஓட்டவும் கற்றார். திருச்சூர் பக்கம் நூற்பாலை, மலேயாவில் ரப்பர் தோட்டம், பம்பாயில் ஓட்டல், காப்பீடு, ஜூபிடர் ஏர்வேஸ் என்று கை வைக்காத துறை குறைவு. அறை தர மறுத்த ஓட்டலையே அவர் விலைக்கு வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையாக இருக்கும், சான்றாகாது. சான்று வேறு மாதிரி பேசுகிறது. 1953இல் நாட்டுடைமையான விமான நிறுவனங்களில் ஜூபிடர் இல்லை. அதற்கு முன்பே அது நின்றுபோயிருந்தது. நூற்பாலை பிற்பாடு தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போயிற்று. அந்த ஊருக்கு அழகப்பநகர் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அவருடைய தொழில்கள் அவர் என்ற ஒரு மனிதரின் துணிச்சலையும் தொடர்புகளையும் நம்பி நின்றவை. அவருக்குப் பிறகு தாங்கிப் பிடிக்கும் நிர்வாகத்தை அவர் வளர்க்கவில்லை என்றே சொல்வேன்.

கொடையில் ஆள் வேறு. கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி 1944இல் உருவாக ஐந்து லட்சம் ரூபாய் தந்தார். 1947இல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் கேட்டார். அழகப்பர் அந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது. பத்தே ஆண்டுகளில் மழலையர் பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரிவரை ஒரே வளாகத்தில் எழுந்தன. அதற்குள் தொழுநோய் அவரைப் பிடித்திருந்தது. 48 வயது நிறையுமுன் இறந்தார்.

சிக்கலான இடம் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மேச்சேரிக்காரனான எனக்கு இங்கே ஒரு கேள்வி உண்டு. பக்கத்து மேட்டூரில் 1934இலேயே அணை முடிந்துவிட்டது. 1936இல் சேஷசாயி சகோதரர்கள் தொடங்கிய மேட்டூர் கெமிக்கல்ஸ், உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. மின்வேதியியல் தொழிலாக நடந்துகொண்டிருந்த ஊரை விட்டு, ஆலையே இல்லாத செம்மண் பொட்டலுக்கு ஆய்வகம் போனது சரியா? இடத்தைத் தீர்மானித்தது அறிவியல் தேவை அல்ல, ஒரு செல்வரின் பணம். நாட்டுத் திட்டமிடலில் இது நல்ல வழக்கமல்ல. இதை அவர் பேரில் உள்ள குறையாகவே எழுதுகிறேன்.

ஆனால் எதிர்ப்பக்கமும் கனமானது. உலோக அரிப்பை ஆராய மண்டபத்துக் கடற்காற்றைப்போல் கடுமையான களம் மேட்டூரில் இல்லை. ஆய்வகத்தின் களநிலையம் மண்டபத்தில்தான் இருக்கிறது. குளோரின் ஆலைகளின் கிராஃபைட் மின்வாய்க்கு மாற்றாக டைட்டானிய மின்வாயை உள்நாட்டிலேயே உருவாக்கியதும் இதே ஆய்வகம்தான். தூரம் வேலையைக் கெடுக்கவில்லை.

அதைவிட முக்கியம், அவர் பிடியை விட்ட விதம். நிலத்தையும் பணத்தையும் கொடுத்த கையோடு, ஆய்வகத்தை அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவிடம் (CSIR) விட்டுவிட்டார். யாரை வேலைக்கு வைப்பது, எதை ஆராய்வது என்பது அவர் குடும்பத்தின் கையில் இல்லை. அவர் வளாகத்தை அடித்தளமாக வைத்து 1985இல் அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை அமைத்தது. ஆலைகளில் அவர் செய்யத் தவறியதை இங்கே செய்தார்: தான் இல்லாமலும் நடக்கக்கூடியதை எழுப்பினார்.

தொழிலதிபராக அவரை முதல் வரிசையில் வைக்க மாட்டேன். அந்த இடம் சேஷசாயி சகோதரர்களுக்கு உரியது. வள்ளல் என்ற பட்டமோ இரண்டு கேள்விகளுக்கும் ஈடுகொடுத்து நிற்கிறது. பணம் அவரிடமிருந்து வெளியே போனது, போனதன் மேல் அவர் கை வைக்கவில்லை.