மாண்டலின் வடிவங்களும் செவ்விசையும்

ஓர் இசைக்கருவியின் உருவம் மாறியவழி அதன்கண் பிறக்கும் இசையின் தகுதியும் மாறுமோ என்னும் வினா, கருவி செய்வார்க்கும் இசைப்பார்க்கும் மட்டும் உரியதன்று. பாட்டின் உருவம் மாறியவழிப் பொருளின் தகுதி மாறுமோ என்று ஆராயும் இலக்கிய மாணவர்க்கும் அஃது உரியதே. மாண்டலின் என்னும் சிறு நரம்புக்கருவியை இவ்வாராய்ச்சிக்குக் களமாக யாம் கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரால் வழங்கும் இக்கருவிக்கு ஒன்றோடொன்று ஒவ்வாத பல வடிவங்கள் உள்ளன. அவற்றுள் எவ்வடிவில் செவ்விசை இசைத்தல் தகும் என்னும் வழக்கு மேலைநாட்டிலும் எழுந்தது. நம் நாட்டிலும் எழுந்தது.

இவ்வழக்கில் இரு கட்சிகள் உள. முதுகு குவிந்த பழைய இத்தாலிய வடிவமே செவ்விசைக்கு உரியது, ஏனையவை நாட்டுப்புற ஆடல்பாடலுக்கே ஏற்றவை என்பர் ஒரு சாரார். இசை கைவண்ணத்தால் பிறப்பது, கருவி யாதாயினும் ஒன்றே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் ஓரளவு உண்மையும் பேரளவு குறையும் உடையன என்பது எம் கருத்து. அதனை நிறுவுதற்கு முதற்கண் வடிவங்களின் இயல்பை அறிதல் வேண்டும்.

மூவகை வடிவம்

முதலாவது நேப்பிள்சு வடிவம். 18-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இத்தாலி நாட்டு நேப்பிள்சு நகரில் வினாச்சியா குடும்பத்தார் முதலிய கைவினைஞரால் இஃது உருப்பெற்றது. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டி, பிளந்த பேரிக்காய் போன்று இதன் முதுகை அமைப்பர். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் உண்டு. அவை வயலினைப் போலவே ஐந்தாம் சுர இடைவெளியில் சுருதி கூட்டப்படும். இதன் ஒலி கூரியது, இனியது. ஆயின் விரைவில் அவிந்துவிடுவது.

இரண்டாவது அமெரிக்க வடிவம். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சார்ந்த ஆர்வில் கிப்சன், வயலினைப் போல மரத்தைக் குடைந்து செதுக்கி மாண்டலின் செய்யும் முறைக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். 1902-இல் அவர் பெயரால் நிறுவனம் ஒன்று தோன்றியது. அந்நிறுவனத்தில் பணிபுரிந்த லாயிடு லோர் 1922 முதல் 1924 வரை மேற்பார்த்து உருவாக்கிய எஃப்-5 என்னும் வகை பெரும்புகழ் எய்தியது. வயலினுக்கு உள்ளவை போன்ற இரு ஒலித்துளைகளை உடைய இக்கருவியின் ஒலி திண்ணியது, எடுப்பானது. பில் மன்றோ இதனைக் கைக்கொண்டு புளூகிராசு என்னும் நாட்டிசை வகையை வளர்த்தமையால், இவ்வடிவம் அவ்விசைக்கே உரியதென்னும் எண்ணம் வேரூன்றியது.

மூன்றாவது செருமானிய வடிவம். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சைபெர்ட்டு முதலிய கருவியாளரும் மார்கா வில்டன்-ஊசுகன் முதலிய ஆசிரியரும் இதனை வளர்த்தனர். இதன் முதுகும் குவிந்ததே, ஆயினும் அகன்றது. மென்மையும் ஆழமும் உடைய ஒலியே இதன் குறிக்கோள். நேப்பிள்சு வடிவத்தின் கூர்மையை விரும்பும் செவிக்கு இது மங்கலாகத் தோன்றும். மென்மையை விரும்பும் செவிக்கோ அக்கூர்மை குத்தலாகத் தோன்றும்.

மரபுக் கட்சியின் வன்மையும் மென்மையும்

மரபுக் கட்சியார் தம் கொள்கைக்கு விவால்டியைச் சான்று காட்டுவர். விவால்டி மாண்டலினுக்கென இசைப்பனுவல் இயற்றியது உண்மை. ஆயின் அவர் மறைந்தது 1741-இல். அவர் கருத்தில் கொண்ட கருவி, நேப்பிள்சு வடிவத்திற்கு முந்தியதாய், குடல் நரம்பு பூண்டு, வேறு முறையில் சுருதி கூட்டப்பெற்ற பழைய மாண்டலினோ ஆகும். எனவே இன்றைய நேப்பிள்சு மாண்டலினில் விவால்டியை இசைப்பாரும் வேறொரு கருவிக்கு எழுதியதையே தம் கருவிக்கு மாற்றிக்கொள்கின்றனர். தாம் செய்யும் மாற்றத்தை மரபு என்றும், பிறர் செய்யும் மாற்றத்தை மரபுக்கேடு என்றும் கூறுதல் நடுநிலை ஆகாது.

மோசார்ட்டு தம் ‘தோன் சியோவான்னி’ இசைநாடகத்தில் (1787) ஒரு பாட்டிற்கு மாண்டலினைத் துணையாக்கினார். பீத்தோவன் 1796-இல் பிராகு நகரில் மாண்டலினுக்குச் சிறு பனுவல்கள் இயற்றினார். அக்காலத்துக் கருவியும் இன்று நாம் காணும் முழு எஃகுத்தந்திக் கருவி அன்று. எஃகுத்தந்தியும் அதன் இழுவிசையைத் தாங்கும் உறுதியும் 19-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை.

அங்ஙனமாயின் அக்கட்சியில் உண்மையே இல்லையோ எனின், உண்டு. நேப்பிள்சு நகரத்து இரஃபயேலே கலாச்சே (1863-1934) கருவி செய்பவராகவும் இசைப்பவராகவும் இசைப்பனுவல் இயற்றுபவராகவும் விளங்கினார். ஒரே சுரத்தை விரைந்து மீட்டி மீட்டி நீட்டும் திரமோலோ முறையால் மேலே ஒரு பாட்டு நடக்க, அதே கை கீழ்த்தந்திகளில் துணையிசையும் எழுப்புமாறு அவர் தனிப்பனுவல்களை அமைத்தார். அவ்விரண்டும் தனித்தனியே செவிக்குப் புலப்படுதற்கு மெல்லிய பலகையின் கூர்ந்த ஒலியே பெரிதும் துணைசெய்கிறது. கருவி, கை, பனுவல் ஆகிய மூன்றும் ஒருவர்பாலே பிறந்தவிடத்துக் கருவியைப் பிரித்தல், செய்யுளினின்று ஓசையைப் பிரித்தல் போலாகும். ஆகவே மரபு வாதம் கலாச்சேக்குப் பொருந்தும்; விவால்டிக்குப் பொருந்தாது. வாதம் ஒன்றாயினும் இடம் வேறு என்பதை அறிதல் வேண்டும்.

பாக்கை இருவர் இசைத்தமை

இதனை மேலும் தெளிதற்கு அண்மைக்கால ஒலிப்பதிவுகள் இரண்டை ஒப்பிடுவோம். பாக் என்னும் செருமானிய இசைப்பேராசான் மாண்டலினுக்கென ஒன்றும் இயற்றினாரல்லர். ஆகவே அவர் இசையை மாண்டலினில் இசைப்பார்க்கு மரபு என்னும் கேடயம் இல்லை. தகுதி ஒன்றே துணை. இசுரேல் நாட்டு அவி அவிடல் 2012-இல், விசைப்பலகைக்கும் வயலினுக்கும் அமைந்த பாக்கின் பனுவல்களை இசைக்குழுவோடு இசைத்து வெளியிட்டார். அமெரிக்கரான கிறிசு தீலி 2013-இல், துணையின்றித் தனி வயலினுக்கு அமைந்த பனுவல்களை இசைத்து வெளியிட்டார். முன்னவர் கருவி, தம் நாட்டுக் கைவினைஞர் ஒருவர் செவ்விசை அரங்கிற்கென்றே புதிதாய்ச் செய்தது. பின்னவர் கருவி, புளூகிராசுக்கே உரியதெனப் பலரும் கருதிய பழைய எஃப்-5.

இவ்விரண்டையும் வகுப்பறையில் மாணவர்க்கு அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தோம். கருவியின் வரலாற்றை முன்னர்க் கூறவில்லை. எதனையும் ‘நாட்டுப்புறக் கருவி’ என்று ஒருவரும் கூறினாரல்லர். தீலியின் விரைந்த பகுதிகளில் சுரங்கள் கோத்த முத்துப்போல் தனித்தனியே நின்று ஒலித்தன. கீழ்த்தந்தியின் திண்மை, துணையில்லாக் குறையை ஈடுசெய்தது. அவிடலின் மெதுவான பகுதிகளில் திரமோலோ நீண்ட மூச்சுப்போல் அமைந்தது. ஆயின் வில்லால் நீட்டப்பட வேண்டிய நெடுஞ்சுரங்கள் தீலியின் கருவியில் பாதிவழியில் தேய்ந்தமை எம் செவிக்குக் குறையாகவே பட்டது. அக்குறை எஃப்-5 வடிவத்தின் குறை அன்று. மீட்டி விடும் கருவி அனைத்திற்கும் பொதுவானது. அதனை மறைப்பதா, ஏற்பதா என்பதே இசைப்பான் செய்யும் தேர்வு. அவிடல் மறைத்தார், தீலி பெரும்பாலும் ஏற்றார். இரண்டும் கலையே.

நம் நாட்டுச் சான்று

மேலையிசையில் வடிவ வேறுபாடு ஒலிநயத்தை மாற்றியது. கருநாடக இசையிலோ அஃது இசைக்கவே இயலுமா என்னும் அளவிற்குச் சென்றது. கருநாடக இசைக்குரிய 12 சுரத்தானங்களுக்கும் மாண்டலினில் மெட்டுகள் உண்டு. ஆகவே குறை சுரத்தில் இல்லை. சுரத்திற்கும் சுரத்திற்கும் இடைப்பட்ட வழியில் உள்ளது. கமகமின்றேல் தோடி இல்லை; பைரவி இல்லை. கமகத்திற்குத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்தல் வேண்டும். இரட்டைத் தந்திகளை ஒரே அளவு இழுத்தல் அரிது. அளவு சிறிது பிறழினும் இரண்டும் ஒன்றோடொன்று முரணும். மேலும், இழுத்த சுரம் அடுத்த சுரத்தை அடையுமுன் ஒலி அவிந்துவிடும்.

ஆந்திர நாட்டுப் பாலக்கொல்லில் 1969-இல் பிறந்த யூ. சீனிவாஸ் இவ்விரு தடைகளையும் நீக்கினார். இரட்டைத் தந்திகளை ஒற்றைத் தந்திகளாக்கினார். பின்னர் ஐந்து தந்தி ஆக்கினார். மின்னொலிக் கருவியைக் கைக்கொண்டு ஒலியின் ஆயுளை நீட்டினார். இவரினும் முதன்மையாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவர்தம் ஆசிரியர் உருத்திரராசு சுப்பராசு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கர்; வாய்ப்பாட்டு வல்லவர். ஆசிரியர் பாட, மாணவர் அதனைக் கருவியில் தேடினார். ஆகவே கருவி பாட்டைப் பின்தொடர்ந்ததேயன்றிப் பாட்டு கருவிக்காகக் குறைக்கப்படவில்லை. இளஞ்சிறுவராக அரங்கேறிய அவர் 1998-இல் பத்மசிரீ விருது பெற்று, 2014-இல் 45 அகவையில் மறைந்தார்.

ஈண்டு ஒரு தடை எழும். இரட்டைத் தந்தி போயிற்று; குவிந்த முதுகும் போயிற்று; ஒலிக்கும் குடமே இல்லாத கட்டைக்கு மின்கருவி குடமாயிற்று. இதனை மாண்டலின் என்றல் தகுமோ என்பதே அது. தகும், ஆயின் விலையும் கொடுக்கப்பட்டது என்பது எம் விடை. இரட்டைத் தந்தியின் மினுமினுப்பு அவ்விலையின் ஒரு பகுதி. மின்னொலியின்றி அரங்கேற இயலாமை மற்றொரு பகுதி. புகழ்வோர் இவ்விலையைக் கூறாது விடுதலும், இகழ்வோர் பெற்ற பொருளைக் கூறாது விடுதலும் ஒரே தவற்றின் இருபக்கங்கள்.

யாழ் தரும் பாடம்

தமிழ் மாணவர்க்கு இவ்வழக்கு புதியதன்று. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என யாழ் நால்வகைப்படும் என்பதும், பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகள் என்பதும் சிலப்பதிகார உரைவழி நாம் அறிந்தவை. தொகையால் இத்துணை வேறுபட்டும் அவை யாழ் என்னும் ஒரு பெயரே பெற்றன. கானல்வரியில் இளங்கோவடிகள் மாதவி யாழிசைத்தலைக் கூறுமிடத்து, கைத்தொழிலை எட்டாக வகுத்துக் கூறுகின்றார். உறுப்பைக் கூறுவதோடு அமையாமல் கையின் செயலையும் அவர் கூறியமை கருதத்தக்கது.

அந்த யாழ் மறைந்தது. விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூலில் அதன் இலக்கணத்தை மீட்டெடுக்க நேர்ந்தது. பண்களோ கருவியோடு மறையாமல் மிடற்றிலும் குழலிலும் பிற நரம்பிலும் வாழ்ந்தன. 19-ஆம் நூற்றாண்டில் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கைக்கொண்ட வயலின், இன்று அயற்கருவி என்று எவரும் எண்ணாத நிலையை எய்தியுள்ளது.

ஆகவே யாம் கொள்ளும் முடிபு இது. கருவியின் வடிவம் இசைக்கு எல்லை வகுக்கும், ஆணையிடாது. ‘எவ்வடிவம் செவ்விசைக்கு உரியது’ என்று வினவுவதினும், ‘இப்பனுவல் வேண்டுவதை இவ்வடிவம் தருகின்றதா, தாராதவிடத்து இசைப்பான் யாது செய்தான்’ என்று வினவுதலே திறனாய்வுக்கு ஏற்றது. முதல்வினா கருவியைக் கண்டவுடன் தீர்ப்பளிக்கும். இரண்டாம் வினா கேட்ட பின்னரே தீர்ப்பளிக்கும். கேளாமல் தீர்ப்பளித்தல் இசைத்திறனாய்வும் ஆகாது. இலக்கியத் திறனாய்வும் ஆகாது.