பிணை நிற்பவர் யார்? கோடியக்கரையிலிருந்து ஒரு பாடத்திட்ட வாசிப்பு

வேதாரண்யத்துக்குத் தெற்கே நிலம் முடியும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். வெளிமானும் பூநாரையும் அதன் அடையாளங்கள். இதே கடலோரத்தில்தான் தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் ஊர்கள் இருக்கின்றன. இந்த ஊர்களில் ஒரு பெண்பிள்ளை இரண்டு பாடத்திட்டங்களுக்கு நடுவில் வளர்கிறாள். ஓதப் போகும் இடத்தில் படைப்பைப் பற்றிக் கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழலைப் பற்றிப் படிக்கிறாள். இரண்டும் ஒரே தண்ணீரையும் ஒரே பறவையையும்தான் பேசுகின்றன. ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. இந்த இரண்டிலும் அவளுக்கு என்ன இடம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அரசின் பாடத்திட்டம். 1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கியது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. மொத்தம் 50 விரிவுரை மணிகள். களப்பணிக்கு அதில் ஐந்து. தமிழ் படித்த நானும் இந்தத் தாளை நடத்தியிருக்கிறேன். காடு, நீர், ஆற்றல், மாசு என்று அலகுகள் வரிசையாக வரும். பெண் என்ற சொல் தலைப்பில் வருவது ஏழாம் அலகில்தான். அது மக்கள்தொகை பற்றிய அலகு. குடும்பநலத் திட்டம், எய்ட்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து 'பெண்கள், குழந்தைகள் நலம்' என்று ஒரு வரி. விறகு எடுப்பவளும் தண்ணீர் தூக்குபவளும் உப்பு வாருபவளும் இயற்கையைப் பற்றி ஏதாவது தெரிந்தவர்கள் என்ற எண்ணமே அதில் இல்லை. பெண் அங்கே பிள்ளை பெறுகிறவள், நலம் பார்க்கப்பட வேண்டியவள்.

அடுத்தது இஸ்லாமியச் சூழல் கல்வி. உலக அளவில் இதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. செய்யித் ஹுசைன் நஸ்ர் 1966இல் சிகாகோவில் ஆற்றிய உரைகள், ஃபஸ்லுன் காலித் 1994இல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு, ஸான்ஸிபாரின் மிசாலித் தீவில் மீனவர்களிடம் மார்க்க அறிஞர்கள் வழியாக நடந்த கடல் பாதுகாப்புப் பணி, இந்தோனேசிய உலமா சபை 2014இல் காட்டுயிர்களைக் காக்கத் தந்த ஃபத்வா, 2015இல் இஸ்தான்புல்லில் வெளியான காலநிலைப் பிரகடனம் என்று அது நீள்கிறது. இவற்றின் கலைச்சொற்கள் நான்கைந்துதான். கலீஃபா: பூமியில் இறைவனின் பிரதிநிதி. அமானத்: ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. மீஸான்: சமநிலை. ஹிமா: பொது நன்மைக்காகக் காக்கப்படும் நிலம்.

இவற்றில் 'கலீஃபா'வைப் பாடத்தின் முதல் சொல்லாக வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. வரலாற்றில் அது ஆட்சியாளரின் பட்டம். பிள்ளைகள் காதில் அப்படித்தான் விழும். காப்பவர், காக்கப்படுவது என்ற ஏற்பாடு நம் வீடுகளுக்குப் புதிதும் இல்லை. அமினா வதூத் இந்தச் சொல்லை வேறு விதமாகப் படிக்கிறார்: ஆணும் பெண்ணும் சமமாக ஏற்கும் அறப் பொறுப்பு. பாடத்திட்டத்துக்கு அந்த வாசிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் இயற்கையைக் காக்கும் பாடமே பெண்ணைக் காவலில் வைக்கும் பாடமாகவும் ஆகிவிடும்.

கதைத் தேர்விலும் இதே சிக்கல் இருக்கிறது. விலங்குகளிடம் இரக்கம் காட்டச் சொல்லும் ஹதீஸ்களில் இரண்டு புகழ்பெற்றவை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளாகிறாள். தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலணியில் நீர் முகந்து கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைக்கிறது. இரண்டாவது கதைக்குப் புகாரியிலேயே இரண்டு அறிவிப்புகள் உண்டு. ஒன்றில் நீர் கொடுத்தவர் வழிப்போக்கரான ஓர் ஆண். மற்றதில் உடலை விற்று வாழ்ந்த ஒரு பெண். பாடம் எழுதுகிறவர் பூனையை வதைத்தவளையும் நாய்க்கு நீர் தந்த ஆணையும் மட்டும் எடுத்தால், மார்க்கத்துக்கு மாறாக அவர் எதையும் எழுதிவிடவில்லை. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளை கற்றுக்கொள்வது வேறாகிவிடும். சமூகம் ஒதுக்கிய ஒருத்தி ஒரு வாய்த் தண்ணீரால் மன்னிக்கப்பட்டாள் என்ற கதை, இரக்கத்தையும் கற்பிக்கும், மனிதர்களை எடைபோடாதிருக்கவும் கற்பிக்கும். அதை விட்டுவிட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர்ப் பாடத்தையும் பார்க்கலாம். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை வீணாக்கக் கூடாது என்ற போதனை இந்தக் கல்வியில் எங்கும் வரும். நல்ல பாடம். ஆனால் அது தண்ணீரைச் செலவழிக்கிறவரிடம் பேசுகிறது. நிலத்தடி நீர் உவர்த்துப்போன கடலோரத்தில், நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நிற்கிறவளிடம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை குத்பா வழியாகச் சூழல் செய்தியைச் சேர்க்கலாம் என்பார்கள். நம் ஊர்களில் அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் தண்ணீரையும் விறகையும் கணக்குப் பார்ப்பவள் அந்த அவையில் இல்லை.

விறகு என்றதும் ஹிமா நினைவுக்கு வருகிறது. கலீஃபா உமர் காப்பு நிலத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நியமித்தபோது சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. சில ஆடு, சில ஒட்டகம் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு. பெரும் மந்தைக்காரர்களைத் தள்ளி வை என்பது அதன் சாரம். தள்ளி வைக்கச் சொன்ன செல்வந்தர்கள் நபியின் நெருங்கிய தோழர்கள். கோடியக்கரையில் சரணாலயத்தை ஒட்டி உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கின்றன. காட்டுக்குள் விறகுக்கோ பாலைப் பழத்துக்கோ போகும் பெண் அத்துமீறியவள் ஆகிறாள். காடு பாதுகாக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. காப்பின் செலவை யார் சுமப்பது என்று கேட்க அரசின் பாடத்தில் இடமில்லை. மார்க்கப் பாடத்தில் அதற்கான இடம் 1,400 ஆண்டுகளாக இருக்கிறது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

இந்த இரண்டு பாடத்திட்டங்களும் சந்திக்கக்கூடிய இடம் தமிழ் வகுப்பு என்று நினைக்கிறேன். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' பல தலைமுறைகள் பாடமாகப் படித்த பகுதி. வேடனிடம் பிடிபட்ட பிணைமான் நபியிடம் பேசுகிறது. குட்டிக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. நபி பிணை நிற்கிறார். மான் சொன்னபடியே குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். நாங்கள் இதை 'நபியின் கருணை' என்ற ஒற்றைத் தலைப்பில் படித்தோம். அப்படியே நடத்தவும் செய்கிறோம். பிணை நின்றவர் யார் என்று தேர்வில் கேட்போம். வழக்கை எடுத்துச் சொன்னது யார், தவணை கேட்டது யார், வாக்கைக் காத்தது யார் என்று கேட்பதில்லை. மூன்றுக்கும் விடை மான்தான்.

மானைத் தியாகத் தாய் ஆக்கிவிடவும் கூடாது. தாயாக இருப்பதால்தான் அதன் சொல் எடுபடுகிறதா? குட்டி இல்லாத மானுக்கு யார் பிணை நிற்பார்? இன்னொருவரின் சொல்லைக் காக்க உயிரைக் கொடுக்கத் திரும்பி வருவதை அறம் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா? வெளிமான் திரியும் ஊரில் இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது சூழல் பாடம், மார்க்கப் பாடம், பெண்ணியப் பாடம் மூன்றும் ஒரே வகுப்பில் நடக்கும்.

நடைமுறைக்கு வருவோம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இலங்கையில் சமயம் அரசுப் பள்ளியின் பாடம். இங்கே அரசமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் சமயப் போதனையைத் தடுக்கிறது. அது தேவையான தடை. எனவே மார்க்கச் சூழல் கல்வியை எழுத வேண்டிய இடம் மதரஸாக்கள். அதிலும் குறிப்பாக, ஆலிமாக்களை உருவாக்கும் நிஸ்வான் மதரஸாக்கள். குர்ஆனையும் ஹதீஸையும் மூலத்தில் படித்த இளம்பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அரபி தெரியாத என்னைப் போன்றவர்கள் அவர்களிடம் கேட்டுத்தான் எழுத முடியும். மூன்றாம் வகுப்புவரை மட்டுமே பள்ளியில் படித்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்ட கடலோரம் இது. எழுத ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை வலசை ஆய்வு நெடுங்காலம் நடந்த ஊர் கோடியக்கரை. அதற்கு உந்துதலாக இருந்தவர் சாலிம் அலி. பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்து குர்ஆனில் உண்டு. ஓர் ஆலிமா, ஒரு விலங்கியல் ஆசிரியை, உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் மூவரும் உட்கார்ந்து இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பாடம் எழுதட்டும். களப்பணிக்கு ஒதுக்கிய ஐந்து மணி நேரத்தில் அதைத் தொடங்கிவிடலாம்.