எம்130-ஐ வைத்து ஒருவரை 'முதல் இந்தியன்' ஆக்கலாமா?

ஸ்பென்சர் வெல்ஸின் 'தி ஜர்னி ஆஃப் மேன்' ஆவணப்படம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது (படம் 2003, அதே பெயரில் புத்தகம் 2002). எங்க பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முழுப் படம் இல்லை, மதுரைத் துண்டு மட்டும். கூடவே, முதல் இந்தியன் எங்க ஆளுதான் என்று ஒரு வரி. அந்த "எங்க ஆளு" என்பதற்குச் சாதி என்று பொருள். அதனாலதான் படத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன்.

படத்தின் வாதம் இது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஒரு கூட்டம் கடற்கரையை ஒட்டியே நடந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. இரண்டு முனையிலும் தடயம் உண்டு, நடுவில் இல்லை. நடுவில் இருப்பதை வெல்ஸ் மண்ணுக்குள் தேடாமல் ரத்தத்தில் தேடுகிறார். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் சேகரித்த மாதிரிகளில், மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவரிடம் எம்130 என்ற குறியீடு கிடைக்கிறது. (அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏற்கெனவே போதுமான அளவு பரப்பிவிட்டார்கள்.)

குறியீடு என்றால் என்ன என்பதைப் படம் அருமையாகச் சொல்கிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் போகும். எப்போதாவது நகலெடுக்கும்போது ஓர் எழுத்து பிசகும். அந்தப் பிசகு அதற்குப் பின்னால் வரும் ஆண் வாரிசுகள் எல்லோரிடமும் தொடரும். ஆக, ஒரே பிசகு இருவரிடம் இருந்தால் இருவருக்கும் ஒரே பாட்டன். இதுவரை எனக்குப் புகார் இல்லை.

அடுத்த தாவல்தான் இடிக்கிறது. எம்130 மதுரைக்காரர் சொத்து இல்லை. மங்கோலியர், கசாக்குகள், பசிபிக் தீவுக்காரர்கள், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் எனப் பலரிடமும் அது இருக்கிறது. அது மரத்தின் அடிப்பகுதி. இந்தியாவில் அதிகம் காணப்படும் கிளைக்கு எம்356 என்று பெயர், ஆஸ்திரேலியக் கிளைக்கு எம்347. 2016-ல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஒய் குரோமோசோமை முழுசாகப் படித்துப் பார்த்தபோது, அவர்களுடைய கிளை தெற்காசியக் கிளையிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிந்தது. அதாவது மதுரைக்காரர் ஆஸ்திரேலியருக்குத் தாத்தா முறை இல்லை, ரொம்பத் தூரத்துப் பங்காளி. இந்த உறவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பங்காளி முறையும் ஆண்வழிதானே?

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பத்துத் தலைமுறை, சுமார் முந்நூறு வருஷம், எங்க சீமைக் கணக்கில் கிழவன் சேதுபதி காலத்தை ஒட்டி. அங்கே போனால் ஒவ்வொருத்தருக்கும் 1,024 முன்னோர் இடங்கள் இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் என்று கட்டிக்கொள்கிற ஊர் என்பதால் ஒரே ஆள் பல இடத்தில் உட்கார்ந்திருப்பார், அது வேறு விஷயம். அந்த 1,024-ல் ஒய் குரோமோசோம் பேசுவது ஒரே ஓர் இடத்தைப் பற்றி. அம்மாவின் அப்பாவைப் பற்றிக்கூட அது வாய் திறக்காது. இந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரின் பூர்வீகம் முழுக்க இதுதான் என்றும், அவர் சாதி முழுக்க இப்படித்தான் என்றும் சொன்னால் எப்படி? அதே சாதியில் அடுத்த வீட்டுக்காரரிடம் வேறு குறியீடு இருக்கும்.

நான் மாரியூர்க்காரன், சாயல்குடிப் பக்கம், மன்னார் வளைகுடாக் கரை. படம் கரைவழியைப் பற்றிப் பேசிவிட்டு உள்நாட்டுக் கிராமத்தில் போய் நிற்பது எனக்கு முதலிலேயே உறுத்தியது. ஆனால் அதற்கு நியாயம் உண்டு. அந்த ஆட்கள் நடந்த கரை இப்போது இல்லை. கடல்மட்டம் அன்றைக்கு இன்றைவிடப் பல பத்து மீட்டர் கீழே இருந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. பாக் நீரிணை தரையாகக் கிடந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். இலங்கையின் ஃபாஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய மனிதத் தடயம் கிடைத்திருக்கிறது. அந்த ஆட்கள் எங்க கரைக்கு வெளியே, இன்றைக்கு வலை விழுகிற இடத்தில் நடந்திருக்கலாம். படம் இந்த மூழ்கிய கரைக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால், ஓர் உயிருள்ள மனிதரின் தோளில் இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டி வந்திருக்காது.

இதே பிச்சப்பன் பங்கேற்ற 2012 ஆய்வுக் கட்டுரை எவ்வளவோ மேல். தமிழ்நாட்டில் 12 பழங்குடிகள், 19 பிற சமூகங்கள், மொத்தம் 1,680 ஆண்கள். அவர்கள் ஒரு குறியீட்டைப் பிடித்துத் தொங்கவில்லை, எந்தக் கூட்டத்தில் எந்தெந்தக் கிளை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்தார்கள். சமூகங்களுக்கு இடையிலான வேறுபாடு சாதி அமைப்புக்கு முந்தையது, வேளாண்மை பரவியதோடு பொருந்துகிறது என்பது அவர்கள் முடிவு. எனக்கு அதிலும் ஒரு குறை உண்டு. இன்றைய சாதிப் பெயர்களை வைத்து ஆட்களைத் தொகுத்துவிட்டு, பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதையை எழுதும்போது, இந்தப் பெயர்கள் அன்றும் இருந்த மாதிரி வாசகர் நினைத்துக்கொள்வார். கட்டுரை அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் ஃபார்வர்டு செய்கிறவர் கட்டுரையைப் படிக்கிறதில்லையே.

உள்ளுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கத்தைப் பற்றி மரபியல் சொல்வதில் உண்மையில் உபயோகமான செய்தி வேறு. 2017-ல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட கூட்டங்களை ஆராய்ந்தார்கள். அதில் 81 கூட்டங்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை, பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகலான தொடக்கம் கொண்டவை என்று தெரிந்தது. இப்படிப்பட்ட கூட்டங்களில் அரிய பரம்பரை நோய்கள் கூடுதலாக வரும். வைசியச் சமூகத்தில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது தரும் ஒரு தசை தளர்த்தும் மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது மயக்க மருந்து டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். இந்தக் கட்டுரையை எங்க ஊர்க் குழுவில் இதுவரை யாரும் போட்டு நான் பார்க்கவில்லை.