சுண்ணாம்புப் பொருக்கு

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் பழைய காரை வீட்டுக்குள் கால் வைத்தால் ஒரு வாசனை வரும். புதுப் பானையில் ஊற்றிய தண்ணீரின் வாசனையும், வெற்றிலைச் செல்லத்தைத் திறந்ததும் எழும் மணமும் கலந்தாற்போல் இருக்கும். இரவெல்லாம் மழையைக் குடித்த சுவர், வெயில் ஏற ஏற அந்த ஈரத்தைத் திருப்பி விடுகிற வாசனை அது. பந்தல்குடியில் என் அம்மாச்சி வீட்டில்தான் அதை முதலில் அறிந்தேன். அதன்பின் முப்பது வருடமாகச் சிமெண்ட் வீடுகளில் குடியிருக்கிறேன். ஒரு மழைக்காலத்திலும் அந்த வாசனை வந்ததில்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு நாலுவழிச் சாலையில் விரைகிறவர்களுக்கு, பந்தல்குடி அருப்புக்கோட்டை தாண்டியதும் வருகிற ஒரு பெயர்ப்பலகை. இறங்கி நடந்தால் பனையும் உடைமரமும் வேலிக்கருவையும் நிற்கும் மானாவாரிக் காடு. மேலே கரிசல், கரிசலைத் தோண்டினால் சுக்கான் கல். அதற்கும் கீழே, சில இடங்களில், சுண்ணாம்புப் பாறை. அந்தக் கல்லை உடைத்து வெயிலில் பிடித்தால் கற்கண்டுபோல மின்னும். இந்த ஊர்ப்பக்கத்து வீடுகள் எழுந்த கதையும் மறைந்த கதையும் அந்த மினுமினுப்புக்குள் இருக்கின்றன.

கரிசலில் வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐப்பசி மழைக்கு அது ஊதும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் சுவரை நிறுத்தினால் சுவரும் சேர்ந்து வெடிக்கும். அதனால் பழைய கொத்தனார்கள் கரிசலைக் கடந்து, சுக்கான் தட்டுப்படும்வரை வானம் தோண்டினார்கள். வீடு நிற்பது சுக்கானின் மேல். அந்தச் சுக்கானையும் சுண்ணாம்புக் கல்லையும் சுட்டுத்தான் சுவருக்கு வேண்டிய சுண்ணாம்பு எடுத்தார்கள். காலுக்கு அடியில் கிடந்ததே எழுந்து நின்று சுவரானது.

காளவாயில் கல் ஒரு அடுக்கு, விறகும் கரியும் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி ஏற்றித் தீ வைப்பார்கள். ஏறக்குறைய 900 டிகிரிச் சூட்டில் கல்லுக்குள் இருக்கும் கரிவாயு வெளியேறும். நூறு கிலோ நல்ல கல் வெந்து முடிந்தால் ஐம்பத்தாறு கிலோதான் தேறும். தோற்றத்தில் அதே கல்தான், கையில் எடுத்தால் எடையில்லாமல் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். சின்ன வயதில் தொட்டிப் பக்கம் போகவிடாமல் என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாச்சி அதைக் காட்டினாள். "அது கோவத்துல இருக்குய்யா, ஆறட்டும்" என்றாள். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில், வசதிப்பட்டால் மாதக்கணக்கில் ஆறப்போடுவார்கள். ஆற ஆற அது வெண்ணெய்போல ஆகும்.

அடுத்தது அரைவை. மணலும் செங்கல் பொடியும் சுண்ணாம்போடு சேரும். வட்டமாகக் கட்டிய பள்ளத்தில் கலவையைக் கொட்டி, மாடு இழுக்கும் கல் சக்கரத்தால் மணிக்கணக்கில் அரைப்பார்கள். கடுக்காயை நொறுக்கிக் கருப்பட்டியோடு தண்ணீரில் ஊறப்போட்டு, நாலைந்து நாளில் புளித்துக் கள்ளு வாடை அடிக்கும் அந்தச் சாற்றைக் கலவையில் விடுவார்கள். கடுக்காய் பிடிமானம் தரும், கருப்பட்டி கலவையை இளக்கமாக்கும் என்பது கொத்தனார்கள் வாக்கு. பனை மண்டிய நாட்டில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. காப்பிக்குப் போடுகிற பொருளைச் சுவருக்கும் ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்.

கூரைக்கு மட்டப்பா போடும் நாள் வீட்டில் விசேஷ நாள். உத்திரத்தின் மேல் கட்டைகளைப் பரப்பி, கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாகக் குத்துவசத்தில் நிறுத்திச் சுண்ணாம்பால் ஒட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து விரிப்பார்கள். பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து, கையடக்கமான மரக்கட்டையால் அதை அடிப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. கட்டை பட்டால் தடம் விழாமல் துள்ளி எழும்வரை அடி தொடரும். இடையிடையே கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். அடிக்கு ஏற்பப் பாட்டு நடக்கும். தளம் இறுகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை, சத்தம் மாறுவதைக் கேட்டே சொல்லிவிடலாம்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலையின் உச்சம் தெரிந்திருக்கும். 1636 வாக்கில் எழுந்த அந்த அரண்மனையின் வழவழப்புக்கு, நயமாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததைச் சொல்வார்கள். சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இங்குள்ள சுண்ணாம்புப் பூச்சைப் பளிங்கென்றே மயங்கியிருக்கிறார்கள். பந்தல்குடி வீட்டில் அத்தனை ஆடம்பரம் கிடையாது. ஆனாலும் பட்டாசாலைச் சுவரின் கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு தானாகச் சறுக்கும்.

நல்ல காரைச் சுவரை ரசிக்க மூன்று வழி உண்டு. முதலாவது கண். சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். சிமெண்ட் சுவரில் வெளிச்சம் ஒரே தட்டையாக நிற்கும். காரைச் சுவரில் அது மெல்ல ஏறி இறங்கும். கொத்தனாரின் கை போன வாக்கு அதில் தெரியும். இரண்டாவது காது. விரல் முட்டியால் தட்டினால் இறுகிய பூச்சு கணீரென்று சொல்லும். உள்ளே விட்டுப்போயிருந்தால் பொத்தென்று சொல்லும். மூன்றாவது உள்ளங்கை. அக்கினி நட்சத்திரத்து மத்தியானத்தில் வெளிச்சுவர் கொதிக்கும்போது உள்சுவரில் கை வையுங்கள். ஒன்றரை அடிக் கனம் வெயிலை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கும்.

இந்த மூன்றுக்கும் மேலாக நான் நின்று பார்ப்பது விளக்குப் பிறையை. நடையிலிருந்து பட்டாசாலைக்குள் நுழையும் இடத்தில், வலப்பக்கச் சுவரில், அம்மாச்சியின் நெஞ்சு உயரத்தில் ஒரு பிறை இருந்தது. அடித்தளம் ஒரு சாண் அகலம், மேலே குவிந்து கூம்பும். அந்தக் குவிவுக்கு அச்சு எதுவும் கிடையாது. கரண்டியின் முனையாலும் கட்டைவிரலாலும் இழுத்த வளைவுதான். இடப்பக்க வளைவைவிட வலப்பக்கம் மயிரிழை தாழ்ந்திருக்கும். உள்ளே எண்ணெய்ப் புகை தடவித் தடவி உச்சி கன்னங்கரேலென்று மின்னும். அதன் அடியில் எண்ணெய் சொட்டி ஊறிய இடம் மட்டும் மஞ்சள் பூத்துக் கிடக்கும். ஏற்றிய அகலை வைத்தால் சுடர் அசையாது. காற்று வீசும் நடைக்குப் பக்கத்தில் சுடர் அசையாமல் நிற்க எவ்வளவு ஆழம் வேண்டும் என்று அந்தக் கொத்தனாருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

சுண்ணாம்பின் பெரிய குணம் அதன் பொறுமை. பூசியபின் அது காற்றிலுள்ள கரிவாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. காளவாயில் இழந்ததை வருடக்கணக்கில் திரும்பப் பெறுகிறது. சின்ன வெடிப்பு விழுந்தால் மழை ஈரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு கரைந்து வந்து வெடிப்பில் படிந்து இறுகும்; சுவரே தன்னைத் தைத்துக்கொள்ளும். ஊதிச் சுருங்கும் கரிசல் பூமிக்கு இப்படி நெகிழ்ந்து கொடுக்கிற சுவர்தான் தோது.

அதற்குப் பதிலாக அது கேட்பது வருடத்துக்கு ஒரு முறை கை. மார்கழி முடியும் முன்பே வீட்டில் வெள்ளையடிப்புத் தொடங்கிவிடும். தானியக் குலுக்கையை ஒதுக்கி, பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கி, வடிகட்டிய சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து, மட்டையின் நுனியை நைத்துத் தூரிகையாக்கி அடிப்பார்கள். அடிக்கும்போது சுவர் சாம்பல் நிறமாகத் தெரியும். காயக் காய வெள்ளை பூத்து வரும். காலையில் அடித்த சுவர் மத்தியானச் சோற்றுக்குள் வெளுத்துவிடும். வாசலில் காவிப் பட்டை இழுத்தால் பொங்கல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த ரசனையை எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. காரை வீடு எல்லோருக்கும் வாய்த்ததில்லை. ஒரு தெருவில் காரைச் சுவர் எழும்பியபோது, ஊரின் மறுபுறத்தில் மண்சுவரும் ஓலைக்கூரையும்தான். கோடையில் ஒரு பொறி விழுந்தால் வரிசையாக எரிந்துபோன குடிசைகள் இந்த வறண்ட நாட்டில் ஏராளம். அழகான திண்ணைகளில் எல்லாரும் உட்காரவும் முடியவில்லை. தொகுப்பு வீடுகளின் கான்கிரீட் கூரை பலருக்கும் தலைமுறையில் முதல் பயமில்லாத தூக்கத்தைத் தந்தது. அந்தக் கூரைக்கு நான் தலை வணங்குகிறேன். நான் அழுவது ஊர் மாறியதற்கு இல்லை. கையில் இருந்த ஒரு வித்தை கைமாறாமல் போனதற்கு.

1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் பக்கத்தில் ராமசாமி ராஜா நகர் சிமெண்ட் ஆலை எழுந்தது. இன்று ராம்கோ என்று அறியப்படும் அந்த நிறுவனத்தின் ஆலைக்குப் பந்தல்குடிச் சுரங்கத்துச் சுண்ணாம்புக் கல் போகிறது. அதே கல்தான். காளவாயில் 900 டிகிரியில் வெந்தால் காரையாகும். களிமண்ணோடு சேர்ந்து உலையில் 1450 டிகிரியில் வெந்தால் சிமெண்டாகும். ஒன்று ஆறப் பல நாள் கேட்டது, மற்றது இரவுக்குள் இறுகியது. வேலைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் பொறுமை குறைந்துவந்த காலத்தில் எது வெல்லும் என்பதைச் சொல்லவா வேண்டும்?

துயரம் நடந்தது பழைய சுவர்களின் மேல் சிமெண்டைப் பூசியபோது. வெளியே விட வழியில்லாமல் ஈரம் உள்ளேயே தங்கியது. உப்புப் பூத்தது. இரண்டு மழைக்காலத்தில் புதுப்பூச்சு பழைய செங்கல்லையும் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. அம்மாச்சி வீட்டிலும் இதுதான் நடந்தது. நல்லது என்று நினைத்து நாங்களே செய்தோம். இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய கல்வீடுகளிலும் இதே தவறு நடந்திருக்கிறது. வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழைய சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து என்று அந்த நாட்டு வீட்டுக்காரர்களுக்கு இன்றும் எடுத்துச் சொல்கிறது. பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த லாரி பேக்கரும் அந்தந்த ஊர் மண்ணையும் சுண்ணாம்பையும் உள்ளூர்க் கொத்தனாரையும் நம்பச் சொன்னவர். சிமெண்ட் பிறந்த நாட்டுக்காரர்கள் சுண்ணாம்புக்குத் திரும்புகிறார்கள். சுண்ணாம்பின் மேலேயே குடியிருக்கும் நாம் திரும்பக்கூடாதா?

பக்கத்தில் திருச்சுழியில், திருமேனிநாதர் கோயிலை அடுத்து ஒரு பழைய வீடு பத்திரமாக இருக்கிறது. 1879-இல் ரமண மகரிஷி பிறந்த வீடு. சுந்தர மந்திரம் என்று பெயர் சூட்டிப் பேணுகிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய நடுத்தரக் குடும்பத்து வீட்டின் அளவும் அமைதியும் உடம்புக்குப் புரியும். மகான் பிறந்ததால் அந்த வீடு தப்பியது. மகான்கள் பிறக்காத வீடுகளிலும் யாரோ ஒரு கொத்தனாரின் கட்டைவிரல் இருந்தது.

அம்மாச்சி வீட்டை இடித்த அன்று நான் போயிருந்தேன். விளக்குப் பிறையை முழுசாக எடுக்க மாமா பாடுபட்டார். முதல் கடப்பாரைக்கே அது உதிர்ந்துவிட்டது. காலடியில் கிடந்த ஒரு பொருக்கை எடுத்து வந்தேன். உள்ளங்கை அகலம், விரல் கனத்தில் பாதி. முழுக்கச் சுண்ணாம்பு, வருடா வருடம் அடித்த வெள்ளை. விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்தால் ஏடு ஏடாகத் தெரிகிறது. நீலம் தூக்கலாகிப்போன ஒரு வருடம். யாருடைய கல்யாணத்துக்கோ இளம்பச்சை அடித்த ஒரு வருடம். காவி சிதறிய ஒரு கோடு. பூதக்கண்ணாடி வைத்து நாற்பத்தொன்றுவரை எண்ணினேன், அதற்கு மேல் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை.

வீட்டின் வயது அதைவிட அதிகம். சாவு விழுந்த வருடம் பொங்கல் இல்லை, வெள்ளையடிப்பும் இல்லை. தாத்தா போன வருடம், பெரிய மாமா போன வருடம், இன்னும் நான் அறியாதவர்கள் போன வருடங்கள் எல்லாம் ஏதோ இரண்டு ஏடுகளுக்கு நடுவே இருக்கின்றன. மறு வருடம் அம்மாச்சி மட்டையை எடுத்து அந்தச் சுவரில் மறுபடி வெள்ளை அடித்திருக்கிறாள். அந்த ஏடும் இதில் இருக்கிறது. எது என்று தெரியாமல், எல்லாவற்றையும் சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் இழுப்பறையைத் திறந்தால் லேசாக அந்த வாசனை வருகிறது.