யார் மறதியை யார் சுமப்பது?

பெண்களின் ஏடிஎச்டி பற்றிப் பேசும்போது சாரி சோல்டனின் நூல்களைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்க உளச்சிகிச்சையாளரான அவர் 1995இல் ‘விமன் வித் அட்டென்ஷன் டெஃபிசிட் டிஸார்டர்’ நூலை வெளியிட்டார். 2019இல் மிஷெல் ஃபிராங்குடன் சேர்ந்து ‘எ ராடிகல் கைடு ஃபார் விமன் வித் ஏடிஎச்டி’ என்ற பயிற்சி நூலை எழுதினார். முதல் நூல் பெண்களின் நெடுநாள் தவிப்புக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. இரண்டாவது, அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு நன்றாக வாழ வழி சொல்கிறது. இரண்டும் முக்கியமான நூல்கள்தான். ஆனால் அடுத்தடுத்து வாசித்தால், இரண்டிலும் ஒரு கேள்வி அரைகுறையாகவே நிற்பது தெரியும்: ஒரு வீட்டில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அத்தனையையும் ஏன் ஒருத்தியே வைத்துக்கொள்ள வேண்டும்?

சோல்டனின் முதல் நூல் எதை உடைத்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1902இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி உரையாற்றியபோது, அறிவுக் குறைபாடு இல்லாத 20 பேரை எடுத்துக்காட்டினார். அவர்களில் 15 பேர் சிறுவர்கள். அன்று தொடங்கி, வகுப்பில் உட்காராமல் ஓடும் பையனே இந்தக் குறைபாட்டின் முகமானான். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் சிறுமி யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதற்குப் பெரிதும் தரப்படும் மருந்தை 1944இல் உருவாக்கிய வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன், ரீட்டா என்று செல்லமாக அழைத்த தன் மனைவியின் பெயரால்தான் அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வைத்தார். மருந்துக்குப் பெண்ணின் பெயர்; மருத்துவரின் அறையில் பையன்கள்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, அறிகுறிகள் ஏழு வயதுக்குள் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியை 2013இல்தான் பன்னிரண்டு வயதாகத் தளர்த்தியது. படிப்பில் சமாளித்து, திட்டுக்குப் பயந்து இருமடங்கு உழைத்து மறைத்துக்கொண்ட பெண்களுக்கு இது முக்கியமான மாற்றம். அவர்களில் பலர் பதற்றம், மனச்சோர்வு என்று வருடக்கணக்கில் சிகிச்சை பெற்றவர்கள். தன் பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துப்போன இடத்தில், மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தன்னைப் பற்றியது என்று உணர்ந்த தாய்மார்கள் உலகெங்கும் உண்டு.

தமிழில் இதற்கு வைத்திருக்கும் பெயரையும் பார்க்க வேண்டும். ‘கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு’ என்கிறோம். நம் வழக்கில் கவனக்குறைவு என்பது ஏற்கெனவே ஒரு குற்றச்சாட்டு. விபத்துச் செய்தியில் ஓட்டுநர்மேல் சுமத்தும் சொல் அது. உண்மையில் இந்த மூளையில் கவனம் குறைவாக இருப்பதில்லை. பிடித்த வேலையில் நாலு மணி நேரம் பசி தெரியாமல் மூழ்கிப்போகும் அதே பெண்ணால், மின்கட்டணத்தைக் கட்ட இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாமல் போகிறது. கவனத்தை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் வைப்பது, வேலையைத் தொடங்குவது, காலத்தைக் கணிப்பது ஆகியவற்றில்தான் சிக்கல். ‘பொறுப்பில்லாதவள்’, ‘அவசரக்குடுக்கை’, ‘கையில் நிதானமில்லை’ என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவளிடம் மருத்துவமும் கவனக்குறைவு என்றே சொன்னால், பழைய திட்டு சான்றிதழோடு வருவதாகத்தான் அவளுக்குத் தோன்றும்.

கையேடு பட்டியலிடும் அறிகுறிகள் சிலவற்றை வீட்டுக்குள் வைத்து வாசித்துப் பாருங்கள். பொருள்களை அடிக்கடித் தொலைத்தல். வேலைகளை ஒழுங்குபடுத்துவதில் சிரமம். வீட்டு வேலை, கட்டணம் செலுத்துதல் போன்ற அன்றாடக் காரியங்களை மறத்தல். இந்த அன்றாடக் காரியங்களை நம் சமூகம் யாரிடம் ஒப்படைத்திருக்கிறது? 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். கேஸ் எப்போது தீரும், பிள்ளைக்குத் தடுப்பூசி என்றைக்கு, மாமியாரின் மாத்திரை எத்தனை மிச்சம் என்று மனதில் ஓடும் கணக்கு அந்த நிமிடங்களில் அடங்காது.

இதே மூளை உள்ள ஆணுக்கு என்ன ஆகிறது? அவர் ‘ஞாபகமறதிப் பேராசிரியர்’ ஆகிறார். மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுக்கவும், திருமண அழைப்பிதழின் தேதியை நினைவூட்டவும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் அவருடைய புற நினைவகம். அவர் மறதி குடும்பத்தின் நகைச்சுவைக் கதை. அவள் மறதியோ பொங்கி வழிந்த பாலாக அடுப்பில் தெரிகிறது. அவள் குணத்தின்மேல் தீர்ப்பாகிறது.

சோல்டன் இதை ஓரளவு பார்த்தவர். பெண்ணிடம் சமூகம் எதிர்பார்க்கும் பாத்திரமும் இந்த மூளையின் இயல்பும் மோதும் இடத்தில்தான் அவமானம் பிறக்கிறது என்பது 1995 நூலின் ஆழமான பங்களிப்பு. 2019 நூல் இன்னும் ஒரு படி போய், தன்னைச் ‘சரிசெய்துகொள்ளும்’ முடிவில்லாத ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறது. மூளையின் சிரமம் வேறு, உன் மதிப்பு வேறு என்று பிரித்துக் காட்டுகிறது. முப்பது வருடம் தன்னைத் தானே திட்டிக்கொண்டவளுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் உதவி தேடிக்கொள், வேலையைப் பிறரிடம் ஒப்படை என்ற யோசனை நம் ஊருக்கு வரும்போது என்னவாகிறது? நடுத்தர வர்க்க வீட்டில் அந்த ‘உதவி’ பெரும்பாலும் இன்னொரு பெண். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் இதே மூளை இருக்கலாம். அவள் இரண்டு முறை நேரம் தவறினால் வேலை போகும். அவளுக்குப் பரிசோதனை இல்லை, மாத்திரை இல்லை, ‘உன்னை ஏற்றுக்கொள்’ என்று சொல்லும் புத்தகமும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஎச்டி என்ற பெயர் தனியாக இடம்பெறவில்லை. ஒருத்தியின் நிம்மதி இன்னொருத்தியின் முதுகில் ஏற்றப்படுமானால், அதைப் பெண்ணியத் தீர்வு என்று எப்படிச் சொல்வது?

மறுபக்கம், நம் தோழிகள் சிலர் வைக்கும் வாதமும் சரியல்ல. ‘இது நோயே இல்லை, ஆணாதிக்கத்தின் சுமை மட்டுமே, வேலையைப் பங்கிட்டால் மறதி போய்விடும்’ என்கிறார்கள். போகாது. சமையலறையே இல்லாத விடுதியில் தங்கினாலும் அவள் சாவியைத் தொலைப்பாள், ரயிலைத் தவறவிடுவாள். சிலருக்கு மருந்து உண்மையாகவே உதவுகிறது. மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டியும் மாதவிடாய் நிற்கும் காலத்திலும் சிரமம் கூடுவதாகப் பெண்கள் சொல்வதை மருத்துவம் இப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. உடலைக் கணக்கில் எடுக்காத அரசியல், அவளை மறுபடியும் ‘மனசு வைத்தால் முடியும்’ என்ற இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும்.

அப்படியானால் நன்றாக வாழ்வது எப்படி? நினைவை ஒருத்தியின் தலையிலிருந்து இறக்கி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைப்பதில் தொடங்கலாம். மருந்துவேளை அலாரம் கணவர் போனிலும் மகன் போனிலும் அடிக்கட்டும். மளிகைப் பட்டியல் குளிர்பெட்டிக் கதவில் இருக்கட்டும். தீர்ந்ததைப் பார்த்தவர் எழுதட்டும். மூடிய அலமாரியைவிடத் திறந்த தட்டு இவளுக்கு நல்லது. விருந்தினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை ஓடும் என்பதை ஏடிஎச்டி உள்ளவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். திண்ணையில் நாலு பேராகக் கீரை ஆய்ந்தபோதும் மொட்டைமாடியில் வடகம் பிழிந்தபோதும் நம் பாட்டிமார்களுக்கு அந்தத் துணை இருந்தது. அங்கே கண்காணிப்பும் புறணியும் இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். துணையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சோல்டனின் நூல்களைப் பெண்கள் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும், வீட்டில் உள்ள ஆண்களிடம் கொடுக்க வேண்டும். தமிழில் இப்படியொரு நூல் எழுதப்படும்போது, ‘உன்னை மன்னித்துக்கொள்’ என்ற அத்தியாயத்துக்கு முன்னால், யார் எதை நினைவில் வைத்துக்கொள்வது என்று வீடு முழுக்க உட்கார்ந்து பேசும் அத்தியாயம் இருக்க வேண்டும். வேலைக்கு வரும் பெண்ணின் நேரத்தையும் மறதியையும் பற்றி இன்னோர் அத்தியாயம் இருக்க வேண்டும்.